சின்னஞ்சிறு தமிழ்ப் பெண் பெயர்கள்: பொருளும் வேரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளுக்குச் சின்னதாக ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும், அது வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கும் இருக்கக் கூடாது என்று தேடுபவர்களுக்கான பக்கம் இது. பெயர்ப் பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் ஒரு பெயருக்கு ஒரே ஒரு பொருள்தான் எழுதியிருக்கும். நீளமான பெயரில் ஒரு பகுதி இடறினாலும் மற்றொரு பகுதி தாங்கிக்கொள்ளும். இரண்டெழுத்துப் பெயரில் அதற்கு வழியில்லை. அதனால் பெயர் சிறியதாகச் சிறியதாகக் கூடுதலாக ஆராய வேண்டும்.

சின்னப் பெயர் என்றால் எத்தனை எழுத்து?

எழுத்தை எண்ணுவதைவிட வாயால் சொல்லிப் பார்ப்பதே சரி. 'யாழ்' எழுத்தில் இரண்டு, சொல்லும்போது ஒரே அசை. 'பிறை', 'கோதை', 'பாவை' இரண்டெழுத்து. 'எயினி', 'மாதரி', 'பொன்னி' மூன்று. 'நல்லினி' நான்கெழுத்து என்றாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வீட்டில் சுருக்கிக் கூப்பிடத் தேவையில்லாத எந்தப் பெயரையும் சின்னப் பெயர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

யாழினி, கயல், நிலா, இனியா எல்லாம் அரிய பெயர்களா?

ஒரு காலத்தில் அப்படி இருந்தன. இப்போது இல்லை. மகிழ், ஆதிரை, நறுமுகை ஆகியவையும் பரவிவிட்டன. அழகில் குறைவில்லை, ஆனால் அரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் முதல் நிபந்தனை என்றால் இவற்றைத் தாண்டித் தேட வேண்டும்.

சங்க காலத்தில் உண்மையிலேயே பெண்களுக்கு இருந்த சின்னப் பெயர்கள் எவை?

தேடலைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. இவை யாரும் புதிதாகக் கோத்த சொற்கள் அல்ல, பெண்கள் சூடியிருந்த பெயர்கள்.

நல்லினி: சேரன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனின் தாய். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்துப் பதிகம் 'வெளியன் வேண்மாள் நல்லினி' என்று அவளைக் குறிக்கிறது. 'நல்' என்ற அடி காதுக்கு உடனே பிடிபடும். இவ்வளவு எளிமையான பெயர் இன்னும் அரிதாகவே இருப்பது நம் நல்வாய்ப்பு.

எயினி: எயினர் என்னும் வேட்டுவக் குடியைச் சேர்ந்தவள். புறநானூற்றின் 11ஆம் பாடலைப் பாடியவர் பேய்மகள் இளவெயினி, 157ஆம் பாடலைப் பாடியவர் குறமகள் இளவெயினி. 'இளவெயினி' என்று முழுதாகவும் வைக்கலாம், 'எயினி' என்று நிறுத்தியும் வைக்கலாம்.

நக்கண்ணை: பெருங்கோழிநாய்கன் மகள் நக்கண்ணையார் பாடிய மூன்று பாடல்கள் புறநானூற்றில் 83 முதல் 85 வரை உள்ளன. முன்னால் நிற்கும் 'ந' என்பது 'நல்ல' என்ற பொருள் தரும் பழைய முன்னொட்டு. நக்கீரன், நப்பின்னை, நச்செள்ளை எல்லாவற்றிலும் இருப்பது அதே 'ந'தான். அடுத்து வரும் வல்லெழுத்து இரட்டிக்கும் என்பதால் 'ந' + 'கண்ணை' நக்கண்ணை ஆகிறது. இன்றைய காதுக்கு 'நக்' என்ற தொடக்கம் கடினமாகப் பட்டால் 'கண்ணை' என்று மட்டும் வைக்கலாம்.

நச்செள்ளை: காக்கை கரைவதைப் பாடியதால் காக்கைபாடினியார் என்று பெயர் பெற்றவர். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்து இவருடையது. பெருமைக்குரிய பெயர்தான், ஆனால் இன்று 'நச்சு' என்ற சொல் முந்திக்கொண்டு காதில் விழும். அதனால் இதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறோம்.

முல்லை: அள்ளூர் நன்முல்லையார் குறுந்தொகைப் புலவர். 'நன்முல்லை' ஐந்தெழுத்து. வெறும் 'முல்லை'யைவிட அரிது, பழமையும் கூட.

ஆதிமந்தியும் குறுந்தொகைப் புலவர்தான். கரிகாலனின் மகள் என்று மரபு சொல்கிறது. ஆனால் 'மந்தி' பெண்குரங்கு. பள்ளிக்கூடத்தில் குழந்தை என்ன பாடுபடும் என்று யோசித்துப் பார்த்து விட்டுவிடுங்கள்.

காப்பியங்களிலும் பக்திப் பாடல்களிலும்?

சிலப்பதிகாரத்தில் கண்ணகி, மாதவி இருவரையும் தாண்டி யாரும் பெயர் தேடுவதில்லை. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாகக் கொடுத்தது மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டியிடம். எழுதவும் சொல்லவும் எளிய பெயர். அடைக்கலப் பொருளை இழந்தேனே என்று மாதரி தீயில் பாய்ந்து உயிர்விட்டாள் என்பதும் அதே காப்பியத்தில் வருகிறது. சொன்ன சொல்லைக் காக்கும் மனத்தின் அடையாளமாக அதைப் பார்ப்பவர்கள் உண்டு, துயரமாகப் பார்ப்பவர்களும் உண்டு. பெயரின் கதை முழுதும் தெரிந்து வையுங்கள்.

மாதரியின் மகள் ஐயை. கொற்றவைக்கும் அதுவே பெயர், 'உயர்ந்தவள்' என்ற பொருளும் உண்டு. ஒரே ஒரு சிக்கல்: பேச்சில் கடைசி ஐகாரம் தேய்ந்து 'ஐயே' என்று முகம் சுளிக்கும் ஒலிக்கு அருகில் போய்விடும். வீட்டில் எல்லோரும் திருத்தமாகச் சொல்வார்கள் என்றால் மட்டும் வையுங்கள்.

மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. பெயர் பரவிவிட்டாலும் அந்த முதல் பிடி சோறுதான் அதன் உண்மையான பெருமை. 'திருவாதிரையில் பிறந்தவள்' என்ற ஒரு வரியோடு பட்டியல்கள் முடித்துவிடுகின்றன.

கோதை ஆண்டாளின் பெயர், பூமாலை என்று பொருள். பின்னை அல்லது நப்பின்னை ஆயர்மகள், கண்ணனின் தேவி. திருப்பாவையில் 'நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்' என்று ஆண்டாள் விளிப்பது இவளைத்தான். சுந்தரர் திருவாரூரில் மணந்தது பரவையை. பரவை என்றால் கடல், பரந்தது. ஆழி, கடல் என்று தேடுபவர்கள் இந்தப் பெயரை ஒருமுறை பார்க்க வேண்டும்.

தத்தைக்கு இரண்டு வேர். தனிச் சொல்லாக நின்றால் தமிழில் கிளி. சீவக சிந்தாமணியில் வரும் காந்தருவதத்தையின் பெயரில் உள்ள 'தத்தை' வடமொழி 'தத்தா', அதாவது தரப்பட்டவள். கிளிதான் வேண்டும், குழப்பம் வேண்டாம் என்றால் கிள்ளை என்று வைக்கலாம்.

பூவின் பெயர் வைக்கலாமா?

தாராளமாக. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தோழியரோடு தலைவி பறித்துக் குவித்த பூக்கள் 99 என்பது பரவலான கணக்கு. மௌவல், அதிரல் இரண்டும் காட்டுமல்லிகை வகைகள். தளவம் செம்முல்லை. செருந்தி மஞ்சள் நிறப் பூ. காந்தள் எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் பெயராக இன்னும் அரிது. போரில் வென்றவர் சூடியது வாகை. இரண்டே எழுத்து, பொருளும் நேரடியானது.

பொதுவாகப் 'பூ' என்று பொருள்படும் சொற்களில்தான் கவனம் தேவை. பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் தமிழில் தனிப்பெயர் உண்டு: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். இதில் வீ என்பது உதிரும் பூ, செம்மல் வாடிய பூ. 'அலர்' விரிந்த பூதான், ஆனால் அகப்பாடல்களில் அதற்கு வேறொரு வலுவான பொருள் இருக்கிறது. காதலர் இருவரைப் பற்றி ஊரார் வாய்விட்டுப் பேசும் பழிச்சொல் அலர். திருக்குறளில் 115ஆம் அதிகாரமே அலரறிவுறுத்தல்தான். தமிழாசிரியர் ஒருவர் வகுப்பில் அதை நடத்தும் நாளில் அலர் என்ற பெயருள்ள பெண் அங்கே உட்கார்ந்திருப்பாள். முகை, நறுமுகை, அரும்பு ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

பட்டியலில் போட்ட பொருள் சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது, பிற்சேர்க்கை 1939இல். இப்போது இணையத்திலேயே சொல் தேடலாம். முதல் பொருளோடு நிறுத்தாமல் கடைசிப் பொருள் வரை படியுங்கள். பிறகு அந்தச் சொல் வரும் பழம்பாடல் ஒன்றையாவது உரையோடு பாருங்கள். மூன்றாவதாக, அது பெண்பெயராக இருந்ததா, ஆண்பெயராக இருந்ததா என்று பாருங்கள். இந்த மூன்றும் அரை மணி நேர வேலை. செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள்:

எழினி என்பதற்கு 'அழகானவள்' என்று பட்டியல்கள் எழுதுகின்றன. அகராதிப்படி எழினி திரைச்சீலை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மேடைத் திரைகள் மூன்று சொல்லப்படுகின்றன. மனிதப் பெயராக வரும் இடத்தில் அது அதியமான் மகன் பொகுட்டெழினி, அதாவது ஆண்.

தேறல், நறவு, வேரி மூன்றுக்கும் 'தேன்' என்று போட்டிருப்பார்கள். மூன்றுக்கும் கள் என்ற பொருளும் உண்டு. புறநானூறு 56இல் யவனர் கலத்தில் கொண்டுவந்த தேறல் மதுதான். மகிழ் என்ற சொல்லே பழம்பாடல்களில் கள்ளுண்ட களிப்பைக் குறிப்பதுண்டு, ஆனால் இன்று அந்தப் பொருள் வழக்கில் இல்லாததால் மகிழுக்குப் பழுதில்லை.

வஞ்சி: கொடி, கொடி போன்ற பெண், சேரர் தலைநகர். எல்லாம் நன்று. 'வஞ்சி' என்பது ஏமாற்று என்ற ஏவலும் கூட. இன்றைய காதில் அதுதான் முதலில் விழும்.

கலை: ஓவியமும் இசையும் கலைதான், ஆண்மானும் கலைதான். இதில் கெடுதல் ஒன்றுமில்லை, தெரிந்திருந்தால் போதும்.

சொல்லின் கடைசியில் 'ஆ' சேர்த்தால் பெண்பெயர் ஆகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. பெயர் வைப்பதில் இன்று அதிகம் நடக்கும் தவறு இதுதான். தமிழில் வினையடியோடு 'ஆ' சேர்ந்தால் எதிர்மறை. வாடா மலர் என்றால் வாடாத மலர். அதே கணக்கில்:

இசை நல்ல பெயர், இசையா என்றால் ஒத்துக்கொள்ளாத. இயல் நல்ல பெயர், இயலா என்றால் முடியாத. மலர், கனி, மகிழ் என்ற மூன்றோடும் ஆகாரம் சேர்த்தால் பூக்காத, பழுக்காத, களிப்பில்லாத என்று ஆகிவிடும். பெற்றவர்கள் ஆசையோடு சேர்த்த ஓர் எழுத்து பெயரைத் தலைகீழாக்கிவிடுகிறது.

இயல்பாகவே ஆகாரத்தில் முடியும் சொற்கள் உண்டு: நிலா, உலா, வெண்பா. அவற்றில் குறை இல்லை. இனியாவும் தப்பிக்கிறது, 'இனியாள்' என்பதன் தேய்ந்த வடிவமாக அதைக் கொள்ளலாம். தமிழ்ப் பெண்பெயருக்கு இயல்பான முடிவுகள் இகரமும் ஐகாரமும்: குழலி, பொன்னி, எயினி, கோதை, பாவை, பூவை.

ஒரே ஒலியில் வரும் எழுத்துகளால் பெயர் மாறிப்போகுமா?

மாறும். பரவை கடல், பறவை பறப்பது. நறை மணம், தேன். நரை வெளுத்த முடி. சுனை மலையில் ஊறும் நீர். சுணை இலைகளில் இருக்கும் அரிக்கும் முள்மயிர். பேச்சில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கும். எனவே பெயரைக் கேட்டு எழுதுபவர் தவறாக எழுதினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே பாருங்கள். பரவை பறவையானால் பெரிய கேடில்லை. நறை நரையானால் கேடு.

பேச்சு வழக்கில் பெயர் எப்படி உருமாறும்?

மெய்யெழுத்தில் முடிந்தால் வாய் தானாக ஓர் உகரம் சேர்க்கும்: யாழ் 'யாழு' ஆகும், எழில் 'எழிலு' ஆகும். ஐகாரத்தில் முடிந்தால் தேயும்: முல்லை 'முல்ல', கோதை 'கோத'. இகரத்தில் முடிவதுதான் அதிகம் சிதையாமல் நிற்பது. ழகரம் பேச்சில் ளகரமாகும் வீடுகளில் யாழ் 'யாளு' ஆகும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் நின்று தெருமுனைக்குக் கேட்கும்படி பெயரைச் சில முறை கூப்பிட்டுப் பார்ப்பது நல்ல சோதனை.

முன்னெழுத்தையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். சின்னப் பெயரில் முன்னெழுத்து ஒட்டிக்கொண்டு வேறு சொல் ஆகிவிடும். தந்தையின் முன்னெழுத்து 'அ', மகள் பெயர் நீதி என்றால் வருகைப் பதிவேட்டில் அ. நீதி.

நட்சத்திர எழுத்துக்குச் சின்னத் தமிழ்ப் பெயர் கிடைக்குமா?

27 நட்சத்திரம், ஒன்றுக்கு 4 பாதம், ஆக 108 எழுத்துகள். இவற்றில் பல தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரவே வராதவை. ட, ர, ல, ஹ என்று தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை. பழைய இலக்கணப்படி யகரத்தில் 'யா' மட்டுமே முதலில் வரும். அதனால்தான் 'யு', 'யோ' என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் பிற மொழியிலிருந்து வந்தவையாக இருக்கின்றன.

பாதத்தை விட்டு நட்சத்திரத்தை மட்டும் கணக்கில் கொண்டால் பெரும்பாலும் வழி பிறக்கும். பரவலாகப் புழங்கும் பட்டியலின்படி உத்திரத்துக்கு டே, டோ, பா, பி. பாவை, பிறை, பின்னை பொருந்தும். மிருகசீரிடத்துக்கு வே, வோ, கா, கி. காந்தள், கிள்ளை. ரோகிணிக்கு ஓ, வா, வி, வு. வாகை. மகத்துக்கு மா, மி, மு, மெ. மாதரி, முகை, முல்லை. கேட்டையின் நோ, யா, யி, யு என்ற வரிசையில் யாழ் அமர்ந்துவிடுகிறது. பூசத்தின் ஹு, ஹே, ஹோ, டா நான்குமே தமிழுக்கு ஒத்துவராது. அங்கே எழுத்தை விட்டுவிட்டுப் பிடித்த பெயரை வைப்பதே நல்லது, இழுத்துப் பிடித்துச் செய்த பெயர் நிற்காது.

ஆங்கிலத்தில் எழுதும்போது எந்தப் பெயர் கெடாமல் இருக்கும்?

ழகரத்துக்கு இசட்-எச் என்று எழுதுவது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் புரியும். வெளியே போனால் யாழ் 'யாஸ்' அல்லது 'யாஜ்' ஆகும். ஐகாரத்தை ஏ-ஐ என்று எழுதினால் பிறையைப் 'பிராய்' என்று படிப்பார்கள். நல்லினிக்கு எல் இரண்டு முறை வர வேண்டும். ஒன்று போட்டால் அது நளினி ஆகிவிடும், அது வேறு பெயர். பூவை, பூங்குழலி போன்றவை ஆங்கிலம் பேசும் நாட்டில் வளரும் பிள்ளைக்குச் சங்கடம் தரலாம், அங்கே சிறுபிள்ளைப் பேச்சில் 'பூ' மலத்தைக் குறிக்கும். மதி, எயினி, மாதரி, பொன்னி ஆகியவற்றை எங்கே படித்தாலும் ஓரளவு சரியாகவே வரும்.

எந்த எழுத்துக்கோவை என்றாலும் ஒன்றை முடிவு செய்து காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள்.

மைரா, கியாரா, லியா போன்றவை எந்த மொழி?

கியாரா இத்தாலியப் பெயர், தெளிவு, ஒளி என்று பொருள். லியா எபிரேயம். மைராவை ஆங்கிலக் கவிஞர் ஃபுல்க் கிரெவில் தம் கவிதைக்காக ஆக்கினார். ஒலி பிடித்திருந்தால் வைப்பது உங்கள் விருப்பம். தமிழ்ப் பொருள் கற்பித்து எழுதும் பட்டியல்களை மட்டும் நம்ப வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழில் பெயரை எப்போது சேர்க்க வேண்டும்?

இந்தியாவில் பிறப்பைப் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமலே பதியலாம், அவசரம் வேண்டாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். மருத்துவமனையில் கேட்டவுடன் பாதி மனத்தோடு ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் பின்னால் மாற்ற அலைவதைவிட, இந்த 12 மாதத்தைப் பயன்படுத்திக்கொள்வது மேல். பதிந்த பெயரில் எழுத்துப் பிழையைத் திருத்துவது ஒன்று, வேறு பெயருக்கு மாறுவது வேறு. மாறுவதற்கு அரசிதழ் அறிவிப்பு வரை போக நேரும்.

2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், கடவுச்சீட்டு, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டும் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அதில் தமிழ் வடிவம், ஆங்கில வடிவம் இரண்டையும் அச்சாவதற்கு முன் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ர, ற இடம் மாறுவதும் ல, ள இடம் மாறுவதும்தான் வழக்கமாக நடப்பவை.

ஒற்றைச் சின்னப் பெயரால் கடவுச்சீட்டில் சிக்கல் வருமா?

வரலாம். இந்தியக் கடவுச்சீட்டில் முன்னெழுத்தை அப்படியே எழுத முடியாது, விரித்து எழுத வேண்டும். குழந்தையின் பெயர், தந்தை அல்லது தாயின் பெயர் என இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். ஒரே சொல்லைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டு மற்றதை வெறுமையாக விட்டால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்-என்-யூ, அதாவது 'முதற்பெயர் தெரியவில்லை' என்று அச்சாகும். 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகமும் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவதற்குத் தடை விதித்தது. கடவுச்சீட்டின் உள்பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு தளர்த்தினார்கள். பெயர் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இரண்டாம் கட்டத்தை முதல் விண்ணப்பத்திலேயே நிரப்பிவிடுங்கள்.